ஒரு கல்லூரி யாருக்குச் சொந்தம்? டேனியல் வெப்ஸ்டரின் கடிதங்கள் வழியே ஒரு வழக்கு

1817 நவம்பர் 15 அன்று பாஸ்டன் வக்கீல் டேனியல் வெப்ஸ்டர், பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் இருந்த டார்ட்மத் கல்லூரியின் முதல்வர் பிரான்சிஸ் பிரவுனுக்கு ஒரு கடிதம் எழுதினார். விஷயம், ஃபீஸ். பணம் திரட்டுவது உங்களுக்குப் பெரும்பாடு என்று எனக்குத் தெரியும். ஆயிரம் டாலர் கிடைத்தால் வாஷிங்டன் போய் வழக்காடுகிறேன். வக்கீல் ஹாப்கின்சனையும் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறேன். அதற்கு மிகவும் குறைத்துச் செய்ய முடியுமா என்பது சந்தேகம்தான். கடிதத்தின் சாரம் இவ்வளவே. அந்த ஆயிரம் டாலரை ஓர்ஃபோர்ட் என்ற ஊரைச் சேர்ந்த ஜான் வீலர் என்பவர் கொடுத்தார். வழக்கு அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

வெப்ஸ்டர் வக்கீல் மட்டுமல்ல, அரசியல்வாதியும்கூட. நாடாளுமன்றத்தில் நியூ ஹாம்ப்ஷயரின் உறுப்பினராக இருந்து, அந்த ஆண்டு மார்ச்சில்தான் பதவிக்காலம் முடித்திருந்தார். பின்னாளில் மாசசூசெட்ஸின் செனட்டர் ஆனார், இரண்டு முறை வெளியுறவுச் செயலர் ஆனார். டார்ட்மத்தில் 1801-ல் பட்டம் பெற்றவர். விவசாயக் குடும்பம். படிப்பு முடிந்த சில மாதங்களில் ஃப்ரைபர்க் என்ற ஊரில் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தார். மாலையில் பத்திரங்களை நகலெடுத்துச் சம்பாதித்து, அண்ணன் எசக்கியேலும் அதே கல்லூரியில் படிக்க உதவினார்.

சட்டம் படிப்பவர்களுக்கு இந்த வழக்கு ஒரே வாக்கியமாகத்தான் அறிமுகமாகும்: 'சாசனம் என்பது ஓர் ஒப்பந்தம், மாநில அரசு அதை மாற்ற முடியாது.' புதிதாக வருபவருக்கு இந்த வாக்கியம் சட்டென்று பிடிபடாது. எந்தச் சாசனம்? யாருக்கும் யாருக்கும் ஒப்பந்தம்? கல்லூரி விவகாரத்தில் அரசியல் சட்டம் எப்படி நுழைந்தது? தீர்ப்பைப் படித்தால் பதில் கிடைக்கும், ஆனால் அது கடைந்தெடுத்த பதிலாக இருக்கும். அந்தக் காலத்து அரசியல்வாதிகள் இதைப் பற்றி ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களைப் படித்தால், அந்தக் கொள்கை எப்படி உருவானது என்பது கண்ணுக்குத் தெரியும். பணக் கணக்கு, கட்சி அரசியல், தயக்கம், கொஞ்சம் தந்திரம் எல்லாம் அதில் உண்டு.

சாசனம் என்றால் என்ன

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். ஒரு மனிதர் நிலம் வாங்கலாம், கடன் கொடுக்கலாம், வழக்குப் போடலாம். அவர் இறந்தால் சொத்து வாரிசுகளுக்குப் போகும். ஒரு கல்லூரிக்கு அப்படி ஓர் உடம்பு கிடையாது. நன்கொடை வந்தால் யார் பெயரில் வாங்குவது? வாங்கியவர் இறந்தால் என்ன ஆகும்? இதற்கு அந்தக் காலத்தில் ஒரு வழி இருந்தது. அரசர் ஒரு சாசனம் கொடுப்பார். இன்னின்னார் டிரஸ்டிகள், இவர்கள் சேர்ந்து ஒரு சபை, அந்தச் சபைக்கு ஒரு பெயர், ஒரு முத்திரை, அந்தப் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்காடலாம், டிரஸ்டிகள் மாறினாலும் சபை சாகாது. சட்டம் உண்டாக்கிய ஒரு 'ஆள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று கம்பெனி என்று நாம் சொல்வதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

டார்ட்மத்துக்குச் சாசனம் கிடைத்தது 1769 டிசம்பர் 13-ல். அப்போது நியூ ஹாம்ப்ஷயர் இங்கிலாந்தின் காலனி. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரில் கவர்னர் ஜான் வென்ட்வர்த் அதை வழங்கினார். டிரஸ்டிகள் பன்னிரண்டு பேர், அதற்கு மேல் கிடையாது, என்றென்றைக்கும். ஓர் இடம் காலியானால் மீதியிருப்பவர்களே அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பார்கள். வெளியிலிருந்து யாரும் ஆளை நியமிக்க முடியாது. நிறுவனர் எலியேசர் வீலாக் என்ற பாதிரியார் முதல் முதல்வர்; தனக்குப் பிறகு யார் என்பதை உயிலில் எழுதிவைக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பிறகு தேவைப்படும். வீலாக் முன்பு கனெக்டிகட்டில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக ஒரு தருமப் பள்ளி நடத்தி வந்தார். அவரிடம் படித்த சாம்சன் ஆக்கொம், மொஹீகன் இனத்தவர், கிறிஸ்தவப் போதகர். அவர் 1766 முதல் 1768 வரை இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து ஏறத்தாழ 12,000 பவுன் திரட்டினார். அந்தக் காலத்துக்கு அது பெருந்தொகை. கொடுத்தவர்கள் பூர்வகுடிப் பிள்ளைகளின் படிப்புக்கென்று கொடுத்தார்கள். இங்கிலாந்தில் அந்த நிதிக்குப் பொறுப்பாக இருந்த குழுவின் தலைவர் டார்ட்மத் பிரபு. கல்லூரிக்குப் பெயர் அவரிடமிருந்து வந்தது. ஆனால் கல்லூரி திறந்ததும் அங்கே வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரக் குடியேறிகளின் பிள்ளைகள். ஆக்கொம் 1771-ல் வீலாக்குக்கு மனம் வெதும்பி ஒரு கடிதம் எழுதினார். அதன் பிறகு கல்லூரிக் கதையில் அவர் பெயர் அநேகமாக அடிபடவே இல்லை.

இருபது டாலர்

எலியேசர் 1779-ல் இறந்தார். மகன் ஜான் வீலாக் முதல்வரானார், முப்பத்தாறு ஆண்டுகள் நாற்காலியில் இருந்தார். கல்லூரி அப்பாவின் சொத்து, ஆகவே தன் சொத்து என்ற எண்ணம் அவருக்கு ஊறிப்போயிருந்தது போலிருக்கிறது. டிரஸ்டி சபையில் பழைய நண்பர்கள் ஒவ்வொருவராக மறைய, புதியவர்கள் வந்தார்கள், அவர்கள் தலையாட்டவில்லை. கல்லூரி இருந்த ஹானோவர் ஊர்ச் சர்ச்சில் யார் பிரசங்கம் செய்வது என்பதில் தொடங்கிய சண்டை, பேராசிரியர் நியமனம் வரை வந்தது. 1815-ல் வீலாக் பெயர் போடாமல் ஒரு புத்தகம் அச்சிட்டு டிரஸ்டிகளைச் சாடினார். சட்டமன்றத்துக்கும் மனுப்போட்டார். சட்டமன்றம் ஒரு விசாரணைக் குழுவை ஹானோவருக்கு அனுப்பியது.

வெப்ஸ்டர் இந்த இடத்தில்தான் கதைக்குள் வருகிறார், அதுவும் எதிர்ப்பக்கத்து அழைப்போடு. குழுவின் முன் தனக்காக ஆஜராகும்படி கேட்டு வீலாக் அவருக்குக் கடிதம் எழுதி, உள்ளே இருபது டாலர் வைத்து அனுப்பினார். வெப்ஸ்டர் போகவில்லை. வீலாக்கின் நண்பர் ஜோசையா டன்ஹாம் கோபித்துக்கொண்டு எழுத, ஆகஸ்ட் 25-ல் வெப்ஸ்டர் பதில் போட்டார். சட்டமன்றக் குழு முன் பேச வருமாறு அழைப்பதை வக்கீல் தொழிலுக்கான அழைப்பாகவே நான் கருதவில்லை, அப்படிக் கருதினால் எனக்குத்தான் இழிவு என்றார். அப்புறம் ஒரு வரி: முதல்வர் முழுக்கச் சரி, டிரஸ்டிகள் முழுக்கத் தவறு என்பதில் உங்களுக்கு இருக்கும் அளவு நம்பிக்கை எனக்கு இல்லை, அது வரும்போது உங்கள் ஆவேசத்தில் கொஞ்சம் எனக்கும் வரலாம்.

இந்தக் கடிதம் எனக்குப் பிடிக்கும். பின்னாளில் கல்லூரியைக் காத்த வீரர் என்று சிலை வைக்கும் அளவுக்குப் போன மனிதர், தொடக்கத்தில் பிடிகொடுக்காமல் எழுதுகிறார். மறுநாளே, ஆகஸ்ட் 26-ல், டிரஸ்டிகள் வீலாக்கைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். புதிய முதல்வர் பிரவுனுக்கு அப்போது வயது 31.

ஜெஃபர்சன் எழுதிய கடிதம்

இதுவரை நடந்தது கல்லூரிக்குள் ஒரு தகராறு. அதை மாநில விவகாரமாக்கியது 1816 தேர்தல். டிரஸ்டிகளில் பெரும்பாலோர் ஃபெடரலிஸ்ட் கட்சிச் சார்பு, வெப்ஸ்டரும் அந்தக் கட்சிதான். வீலாக்குக்கு இப்போது ஜெஃபர்சனின் ரிபப்ளிகன் கட்சி ஆதரவு. (இன்றைய ரிபப்ளிகன் கட்சி இதற்கெல்லாம் ரொம்பப் பிந்தியது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ரிபப்ளிகன் வேட்பாளர் வில்லியம் பிளமர் கவர்னராக ஜெயித்தார். ஜூனில் சட்டமன்றத்தில் பேசும்போது கல்லூரியை எடுத்துக்கொண்டார். டிரஸ்டிகளே டிரஸ்டிகளை நியமித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு அரசன் கொடுத்தது, சுதந்திர ஆட்சியின் போக்குக்கு விரோதமானது என்றார்.

அந்த உரையைப் பிளமர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு அனுப்பிவைத்தார். முன்னாள் ஜனாதிபதி ஜூலை 21-ல் பதில் எழுதினார். கல்லூரி விவகாரம் குறித்து ஓர் அரசியல்வாதி எழுதியதிலேயே கூர்மையான கடிதங்களில் இது ஒன்று. நாட்டின் பயனுக்காக ஏற்பட்ட நிறுவனங்களை, அவற்றின் நோக்கத்துக்கு ஏற்ப மாற்றுவதற்காகக்கூடத் தொடக் கூடாது என்பது ஓர் அரசனின் அத்துமீறலைத் தடுக்க உதவலாம். தேசத்துக்கு எதிராகவே அதைச் சொல்வது மகா அபத்தம் என்கிறார். ஆனாலும் நம் வக்கீல்களும் பாதிரிகளும் இதைத்தான் போதிக்கிறார்கள். முன் தலைமுறையினர் நமக்குச் சட்டம் விதித்துவிட்டுப் போகலாம், நாம் அதை மாற்றக் கூடாதாம். அப்படியானால் இந்த பூமி செத்தவர்களுக்குச் சொந்தம், உயிரோடிருப்பவர்களுக்கு இல்லை என்றாகிறது. இதுதான் அவர் வாதம்.

தோற்ற பக்கத்தின் வாதம் என்பதால் பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துபோகும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கல்வி எல்லோருக்கும் பொதுவான காரியம் என்றால், தங்களுக்குள்ளேயே ஆள் சேர்த்துக்கொள்ளும் பன்னிரண்டு பேர் அதை என்றைக்கும் கையில் வைத்திருப்பது எப்படிச் சரி? இந்தக் கேள்விக்கு வெப்ஸ்டரும் முழுதாகப் பதில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

சட்டமன்றம் ஜூன் 27-லேயே சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. டார்ட்மத் கல்லூரி இனி டார்ட்மத் பல்கலைக்கழகம். டிரஸ்டிகள் 12-லிருந்து 21. அவர்களுக்கு மேலே 25 பேர் கொண்ட மேற்பார்வைச் சபை. புதிய இடங்களை நிரப்புவது கவர்னரும் அவர் கவுன்சிலும். கணக்கு எளிது: பன்னிரண்டு பேரில் பெரும்பான்மை வைத்திருந்த பழையவர்கள் இருபத்தொரு பேரில் அதை இழக்கலாம். பழைய டிரஸ்டிகள் ஏற்க மறுத்தார்கள். புதிய சட்டத்தை மீறிப் பொறுப்பு வகிப்பவருக்கு 500 டாலர் அபராதம் என்று சட்டமன்றம் இன்னொரு சட்டம் போட்டது.

ஆக, ஹானோவர் என்ற சின்ன ஊரில் இரண்டு டார்ட்மத். பல்கலைக்கழகத்தின் கையில் கட்டடங்கள். கல்லூரியின் கையில் பெரும்பாலான மாணவர்கள். பிரவுன் வாடகை அறைகளில் வகுப்பு நடத்தினார். 1817 நவம்பரில் பல்கலைக்கழகத்தார் மாணவர் சங்கம் ஒன்றின் நூலகத்துக் கதவைக் கோடாலியால் உடைத்து உள்ளே போக, கல்லூரி மாணவர்கள் திரண்டுவந்து அவர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். புத்தகம் யாருக்குச் சொந்தம் என்பதுகூட அப்போது தீராத கேள்வி. இதற்கு முன்பே, அந்த ஆண்டுத் தொடக்கத்தில், வீலாக்கைப் பல்கலைக்கழகம் மறுபடி தலைவராக்கியிருந்தது. சில வாரங்களில், 1817 ஏப்ரலில், அவர் இறந்துவிட்டார்.

பொதுவா, தனியாரா

வழக்கின் பெயரில் இருக்கும் வுட்வர்ட் யார்? கல்லூரியின் செயலரும் பொருளாளருமாக இருந்தவர். அவர் அரசு பக்கம் போய்விட்டார், போகும்போது சாசனம், முத்திரை, தீர்மானப் புத்தகம், கணக்குப் புத்தகம் எல்லாம் அவரோடு போய்விட்டன. டிரஸ்டிகள் 1817 பிப்ரவரியில் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். 'என் பொருள் உன்னிடம் இருக்கிறது, கேட்டால் தரமாட்டேன் என்கிறாய், நஷ்டஈடு கொடு' என்ற சாதாரண சிவில் வழக்கு. கேட்ட தொகை 50,000 டாலர். ஆனால் உண்மையான கேள்வி வேறு. முத்திரை யாருடையது என்று சொல்ல, கல்லூரி யாருடையது என்று முதலில் சொல்லியாக வேண்டும். அதற்கு 1816 சட்டம் செல்லுமா என்று சொல்லியாக வேண்டும்.

மாநில நீதிமன்றத்தில் டிரஸ்டிகளுக்காக மூன்று பேர் வாதாடினார்கள்: ஜெரிமையா மேசன், ஜெரிமையா ஸ்மித், வெப்ஸ்டர். முதல் இருவரும் வெப்ஸ்டருக்கு மூத்தவர்கள், சட்ட அறிவில் பெரியவர்கள். 1817 நவம்பர் 6-ல் தீர்ப்பு எதிராக வந்தது. நீதிபதிகள் மூவரும் பிளமர் நியமித்தவர்கள் என்பது உண்மை. ஆனால் தலைமை நீதிபதி ரிச்சர்ட்சன் எழுதியது கட்சித் தீர்ப்பு என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல. அவர் கேட்டது இது: சபைகளில் இரண்டு வகை உண்டு. உறுப்பினர்களின் சொந்த லாபத்துக்காக இருப்பது தனியார் சபை. ஊருக்காக இருப்பது பொதுச் சபை. இந்தக் கல்லூரியால் டிரஸ்டிகளுக்குச் சொந்தமாக என்ன கிடைக்கிறது? ஒன்றுமில்லை. சொத்து முழுக்க நாசமானால் அவர்கள் பையிலிருந்து ஒரு காசு போகுமா? போகாது. அப்படியானால் அவர்கள் பொதுமக்களின் ஊழியர்கள், இது பொதுச் சபை, சட்டமன்றம் அதைத் திருத்தலாம்.

அந்தத் தீர்ப்பு வந்த ஒன்பதாம் நாள்தான் வெப்ஸ்டர் பிரவுனுக்கு ஆயிரம் டாலர் கடிதம் எழுதினார்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம், பலரும் தவறவிடுவது. மாநில நீதிமன்றத்திலிருந்து அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு எல்லா வாதத்தையும் எடுத்துப்போக முடியாது. நாட்டின் அரசியல் சட்டத்தையோ நாடாளுமன்றச் சட்டத்தையோ மீறியதாகக் காட்டினால்தான் கதவு திறக்கும். 'நியாயமாகச் சம்பாதித்த உரிமையைச் சட்டமன்றம் பறிக்கக் கூடாது' என்பதுதான் டிரஸ்டிகளின் வலுவான வாதம். அந்த வாதத்துக்கு அங்கே கதவு இல்லை. திறந்திருந்த ஒரே கதவு, அரசியல் சட்டத்தின் முதல் உறுப்பு, பத்தாம் பிரிவில் வரும் ஒரு சிறு தொடர்: ஒப்பந்தங்களின் கட்டுப்பாட்டைக் குலைக்கும் சட்டம் எதையும் எந்த மாநிலமும் இயற்றக் கூடாது. கடன்காரர்களுக்குச் சலுகை காட்டிக் கடன் கொடுத்தவனின் உரிமையை மாநிலங்கள் சிதைத்துவிடும் என்ற பயத்தில் எழுதப்பட்ட தொடர் அது. அதற்குள் ஒரு கல்லூரிச் சாசனத்தை நுழைக்க வேண்டும்.

நுழையுமா என்று வெப்ஸ்டருக்கே கவலை இருந்தது தெரிகிறது. 1818 ஏப்ரலில் மேசனுக்கு எழுதிய கடிதத்தில், புதிய வழக்குகளைப் போட்டு அந்தப் பெரிய கேள்வியையே எழுப்ப வேண்டும் என்கிறார்: சம்பாதித்த உரிமைகளைப் பறிக்க மாநிலச் சட்டமன்றங்களுக்குப் பொதுவாகவே அதிகாரம் உண்டா? பொதுக் கொள்கைப்படி கேட்டால் கோர்ட் நம் பக்கம்தான் என்று தனக்கு உறுதி என்றும் எழுதுகிறார். அதற்கு ஒரு வழி இருந்தது. வழக்கின் ஒரு தரப்பில் வேறு மாநிலத்தவர் இருந்தால் அது நேரே கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே எல்லா வாதத்தையும் வைக்கலாம். கனெக்டிகட் ஆற்றைக் கடந்தால் வெர்மான்ட் மாநிலம். வெர்மான்ட் குடிமக்களைச் சேர்த்து மூன்று வழக்குகள் தயாராயின. முதல் வழக்கு தோற்றால் இரண்டாவது வரிசை.

நீதிபதிகளை எண்ணிப் பார்த்தல்

1818 மார்ச் 10 முதல் 12 வரை வாஷிங்டனில் விசாரணை. 1814-ல் ஆங்கிலேயப் படை நாடாளுமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்திருந்ததால், கோர்ட் ஒரு தற்காலிக அறையில் நெருக்கியடித்துக்கொண்டு நடந்தது. வெப்ஸ்டர் நான்கு மணி நேரத்துக்கு மேல் பேசினார். எதிர்ப்பக்கம் ஜான் ஹோம்ஸ், அட்டர்னி ஜெனரல் வில்லியம் விர்ட். வாதம் முடிந்த மறுநாள் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது, சிலர் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று சொல்லி வாய்தா கொடுத்தார். அடுத்த அமர்வுக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு வருஷத்துக்கு.

அதற்கு அடுத்த நாள் ஸ்மித்துக்கு வெப்ஸ்டர் எழுதிய கடிதம், கட்சிக் கொறடா வாக்கு எண்ணுவது போல இருக்கும். மொத்தம் ஏழு நீதிபதிகள். தலைமை நீதிபதியும் வாஷிங்டனும் சந்தேகமில்லாமல் நம் பக்கம். (இந்த வாஷிங்டன், ஜார்ஜ் வாஷிங்டனின் தம்பி மகன் புஷ்ராட்.) டுவாலும் டாடும் அநேகமாக எதிர். மற்ற மூவர் மதில்மேல். ஸ்டோரி கடைசியில் நம்மிடம் வந்துவிடுவார் என்றே நினைக்கிறேன். மீதி இருவரில் ஒருவரைப் பெற வாய்ப்பு பாதிக்கு மேல். அந்த எண்ணிக்கை எவ்வளவு சரி என்று கொஞ்சத்தில் தெரியும்.

மேசனுக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில் சிரிக்க வைக்கிறார். மாநில நீதிமன்ற வாதங்களையும் சேர்த்து ஒரு புத்தகமாகப் போடலாமா என்ற பேச்சு வந்திருந்தது. போடாமல் விட்டால் எனக்குத்தான் நல்லது, வாஷிங்டன் தீர்ப்புத் தொகுப்பில் நான் தோகையை விரித்துக்கொண்டு நடப்பேன், இரவல் இறகு யாருடையது என்று உலகத்துக்குத் தெரியாது. ஆனாலும் புத்தகம் வரட்டும், உங்களுக்கும் ஸ்மித்துக்கும் சேர வேண்டிய பெயர் சேரட்டும் என்கிறார். உண்மையும் அதுதான். சுப்ரீம் கோர்ட்டில் அவர் வைத்த வாதத்தின் எலும்புக்கூடு பெரும்பாலும் அந்த இரண்டு மூத்தவர்கள் கட்டியது. புத்தகம் 1819-ல் வெளிவந்தது.

எல்லாக் கடிதமும் இப்படி நல்ல வெளிச்சத்தில் அவரைக் காட்டாது. வாய்தா காலத்தில் தன் வாதத்தைத் தனியாக அச்சிட்டுத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வந்தார். 1818 செப்டம்பரில் நீதிபதி ஸ்டோரிக்கே ஐந்து பிரதி அனுப்பி, தகுதியென்று உங்களுக்குத் தோன்றும் நீதிபதிகளுக்கு ஒவ்வொன்று அனுப்புங்கள், ஆனால் நாங்கள் முறைகேடாக நடந்துகொண்டோம் என்ற எண்ணம் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். வழக்கு நிலுவையில், எழுதுபவர் வாதி தரப்பு வக்கீல், பெறுபவர் அதே வழக்கைக் கேட்ட நீதிபதி. அந்தக் காலத்தில் வாஷிங்டன் ஒரு சின்ன வட்டம், வக்கீலும் நீதிபதியும் நண்பர்கள், எல்லாம் சரி. ஆனாலும் கடிதத்தின் பாவனையே சொல்கிறது, செய்வது எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று எழுதியவருக்குத் தெரியும்.

இந்த வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்ட எல்லோருக்கும் தெரிந்த வசனம் ஒன்று உண்டு: 'இது ஒரு சின்னக் கல்லூரிதான் ஐயா, ஆனாலும் இதை நேசிப்பவர்கள் இருக்கிறார்கள்.' வெப்ஸ்டர் குரல் தழுதழுக்க, மார்ஷலின் கண் கலங்கியது என்பார்கள். அச்சில் வந்த வாதத்தில் இந்த வரி இல்லை. அன்று நேரில் கேட்ட யேல் கல்லூரிப் பேராசிரியர் சான்சி குட்ரிச், வெப்ஸ்டர் இறந்த 1852-ல் நினைவிலிருந்து ஒரு கடிதத்தில் எழுதியது அது. 34 வருஷம் கழித்து. பெற்றுக்கொண்ட ரூஃபஸ் சோட், மறு ஆண்டு டார்ட்மத்தில் ஆற்றிய நினைவுரையில் அதை எடுத்துச் சொன்னார். வெப்ஸ்டர் அந்த மாதிரி ஏதோ சொல்லியிருப்பார், ஆனால் சொல்லுக்குச் சொல் அதுதானா என்று எவரும் அடித்துப் பேச முடியாது. வெப்ஸ்டரின் சொந்தக் கடிதங்களில் இந்தக் கண்ணீருக்கு இடமில்லை. அங்கே இருப்பது நீதிபதிகளின் எண்ணிக்கையும் அச்சுப் பிரதிகளும்தான்.

தீர்ப்பும் அதற்குப் பிறகும்

1819 பிப்ரவரி 2. மறுவிசாரணை கேட்பதற்காகப் பல்கலைக்கழகம் வில்லியம் பிங்க்னி என்ற பெரும் வக்கீலை அமர்த்தியிருந்தது. அவர் வாயைத் திறக்க மார்ஷல் இடம் கொடுக்கவில்லை; உட்கார்ந்ததும் தீர்ப்பைப் படிக்கத் தொடங்கிவிட்டார். அன்றைக்கே வெப்ஸ்டர் அண்ணன் எசக்கியேலுக்கு எழுதினார்: எல்லாம் பத்திரம். டுவாலைத் தவிர எல்லோரும் நம் பக்கம், அவரும் காரணம் சொல்லவில்லை. தீர்ப்பு முழு தூரமும் போகிறது, பல்கலைக்கழகம் நிற்க ஓர் அங்குல இடம்கூட விடவில்லை. டாட் அன்று வரவில்லை. ஐந்துக்கு ஒன்று. முந்தைய வருஷக் கணக்கில் மதில்மேல் இருந்த மூன்று பேரும் இந்தப் பக்கம் இறங்கியிருந்தார்கள். வழக்குக்குப் பெயர் கொடுத்த வுட்வர்ட் முந்தைய ஆகஸ்டிலேயே இறந்துவிட்டதால், தீர்ப்பை 1818 பிப்ரவரி அமர்வின் தேதியிட்டுப் பதிவு செய்தார்கள்.

மார்ஷல் சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும். பன்னிரண்டு டிரஸ்டிகள் ஒரு செயற்கையான ஆள், கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது, சட்டத்தின் பார்வையில் மட்டும் இருப்பது. அதை அரசு உண்டாக்கியது என்பதாலேயே அது அரசின் உறுப்பு ஆகிவிடாது. கல்வி தேசத்துக்கு முக்கியம்தான்; அதற்காகப் பாடம் சொல்லும் ஒவ்வொருவரும் அரசு ஊழியர் ஆகிவிடுவாரா? நன்கொடையாளர்கள் பணம் கொடுத்தது, இன்ன நோக்கத்துக்கு இன்ன முறையில் என்றென்றும் நிர்வகிக்கப்படும் என்ற உறுதியை நம்பி. அந்த உறுதியைக் கொடுத்தது அரசர். இரு தரப்பும் கொடுத்து வாங்கியதால் அது ஒப்பந்தம். புரட்சிக்குப் பிறகு அரசரின் இடத்தில் மாநிலம் வந்து உட்கார்ந்ததால், அரசரின் கடமையும் மாநிலத்தின் தலைமேல் வந்தது. 1816 சட்டம் நன்கொடையாளரின் விருப்பத்தை எடுத்துவிட்டு அங்கே மாநிலத்தின் விருப்பத்தை வைக்கிறது. ஆகவே செல்லாது.

ரிச்சர்ட்சனுக்கும் மார்ஷலுக்கும் எங்கே வழி பிரிகிறது என்று கவனியுங்கள். பயன் யாருக்கு என்று பார்த்தார் ரிச்சர்ட்சன். பணம் யாருடையது, யாரை நம்பிக் கொடுத்தார்கள் என்று பார்த்தார் மார்ஷல். 'தனியார்' என்ற சொல்லுக்கு இன்று அமெரிக்கச் சட்டத்தில் இருக்கும் அர்த்தத்தின் பெரும்பகுதி இந்த இரண்டாவது பார்வையிலிருந்து வந்தது. ஒரு நிறுவனம் பொதுநன்மைக்காக உழைக்கலாம், அதனாலேயே அது அரசுடையது ஆகாது.

எனக்கு உறுத்துவது வேறு. நன்கொடையாளரின் விருப்பம் புனிதம் என்று சொல்லி ஜெயித்த வழக்கு இது. அந்த நன்கொடையின் பெரும் பங்கைத் திரட்டித் தந்தவர் ஆக்கொம். கொடுத்தவர்கள் கொடுத்தது பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு. அந்த விருப்பம் வழக்குக்கு வெகு காலம் முன்பே, அதே கல்லூரியின் கையால், காற்றில் பறந்துவிட்டது. கோர்ட்டில் இரு தரப்பிலும் அந்தப் பிள்ளைகளுக்காக வக்காலத்துப் போட யாரும் இல்லை.

தீர்ப்பின் வீச்சு கல்லூரியோடு நிற்கவில்லை. சாசனம் ஒப்பந்தம் என்றால் வங்கியின் சாசனமும், ஆற்றுப் பாலம் கட்டும் கம்பெனியின் சாசனமும் ஒப்பந்தம்தான். அரசு நினைத்தபோது கை வைக்க முடியாது என்ற தெம்பு முதலீடு செய்பவர்களுக்கு வந்தது. மாற்று வழியையும் அந்தத் தீர்ப்பே காட்டியிருந்தது: ஸ்டோரி தன் தனித் தீர்ப்பில், சாசனம் கொடுக்கும்போதே 'திருத்தும் உரிமை எங்களுக்கு உண்டு' என்று எழுதிக்கொண்டால் பிறகு திருத்தலாம் என்றார். மாநிலங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. அதற்குப் பிறகு வந்த சாசனங்களிலும் கம்பெனிச் சட்டங்களிலும் அந்த வரி வழக்கமாகிவிட்டது. 1837-ல் பாஸ்டனின் சார்ல்ஸ் ஆற்றுப் பால வழக்கில், பழைய பாலத்துக்காரர்களுக்காக வெப்ஸ்டரே ஆஜராகி, சாசனத்தில் இருக்கும் உரிமையை விரித்துப் பொருள் கொள்ள வேண்டும் என்று வாதாடினார். மார்ஷல் போய் ரோஜர் டேனி என்பவர் தலைமை நீதிபதியாக வந்திருந்தார். வெப்ஸ்டர் தோற்றார், வெளிப்படையாக எழுதாத உரிமை எதையும் சாசனத்திலிருந்து ஊகித்துக் கொடுக்க முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது.

பிரவுன் வெற்றியை அதிக நாள் அனுபவிக்கவில்லை. 1820-ல், 36 வயதில், காசநோய்க்குப் பலியானார். பல்கலைக்கழகம் மூடப்பட்டது, டார்ட்மத் இன்றும் தன்னைக் கல்லூரி என்றே அழைத்துக்கொள்கிறது.

ஜெஃபர்சன்? அவர் தன் கொள்கையை வேறு வழியில் நடத்திக் காட்டினார். டார்ட்மத் தீர்ப்புக்கு எட்டு நாள் முன்பு, 1819 ஜனவரி 25-ல், அவர் பாடுபட்ட வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு மாநிலச் சட்டமன்றம் சாசனம் கொடுத்தது. அதன் நிர்வாகக் குழுவை நியமிப்பது கவர்னர். ஆரம்பத்திலேயே அரசுக் கல்லூரி, ஆகவே யாருக்குச் சொந்தம் என்ற சண்டை இல்லை. ஆனால் பழைய எண்ணம் அவரை விடவில்லை. 1824 டிசம்பரில், வர்ஜீனியாவின் பழமையான வில்லியம் அண்ட் மேரி கல்லூரியைத் தலைநகர் ரிச்மண்டுக்கு மாற்றப் பேச்சு எழுந்தபோது, மாநில செனட்டர் ஜோசப் காபெலுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கல்லூரியின் நிதியைப் பிரித்து மாநிலம் முழுக்கப் பத்துக் கல்லூரிகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று திட்டம் சொன்னார். மசோதாவையும் தானே வரைந்தார். அதுவும் அரசர் சாசனம் கொடுத்த கல்லூரி, டார்ட்மத் தீர்ப்பு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது, எண்பத்தொரு வயதுக்காரர் அசரவில்லை. 1825 தொடக்கத்தில் இடமாற்றத் திட்டம் சட்டமன்றத்தில் தோற்றது. பத்துக் கல்லூரி மசோதா சட்டமாகவே இல்லை.